பேய் சொன்னால் கேஸ் நிற்குமா?

கேள்வி: ‘ஈரம்’தான் தமிழின் சிறந்த அமானுஷ்ய த்ரில்லர் என்று என் நண்பர்கள் சத்தியம் செய்கிறார்கள். பேயே எல்லாரையும் தீர்த்துக்கட்டும் படத்தில் போலீஸுக்கு என்ன வேலை என்றுதான் எனக்குத் தோன்றியது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வேலை இருக்கிறதே! பேயின் பின்னாலேயே போய் மகஜர் எழுத வேண்டாமா?

ஆனால் நண்பர்களைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2009-ல் வந்த அறிவழகனின் முதல் படம் அது, தயாரிப்பு ஷங்கர். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், ஊளையிடும் நாய் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, தண்ணீரையே பேயாக்கினார். தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் அந்தப் பேய் இருக்கும். அவ்வளவுதான் விதி. கொடுவாள் எடுத்து வரும் பேய்க்குக் கதவைச் சாத்தலாம். குளிக்காமல், குடிக்காமல் யார் இருப்பது? மனோஜ் பரமஹம்சாவின் கேமரா படத்திலிருந்து வெயிலையே வடிகட்டிவிட்டது. அந்த மங்கலில் பளிச்சென்று ஒரு சிவப்பு தெரிந்தால் அடுத்தது சாவு என்று நமக்கே பழகிவிடுகிறது. பார்த்த அன்று ராத்திரி எங்கள் வீட்டுக் குழாய் சொட்டியது. வாஷர் தேய்ந்துவிட்டது என்று தெரியும். ஆனாலும் விடிந்த பிறகுதான் மூடப் போனேன்.

சரி, உங்கள் கட்சிக்கு வருவோம். படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்; இத்தனை வருஷம் பார்க்காதவர்கள் இனி எப்போது பார்க்கப் போகிறார்களோ! இறந்துபோய் ஆவியாக வரும் ரம்யாவின் பழைய காதலர்தான் அந்த மரணத்தை விசாரிக்கும் அதிகாரி. இந்த ஒன்று போதும், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே கேஸைக் கிழித்துவிடுவார். முக்கியமான துப்புகளை ஆவியே எடுத்துக் கொடுக்கிறது. கொலைகளையும் அதுவே செய்கிறது. கொலையாளியும் இன்ஃபார்மரும் ஒரே ஆளாக இருக்கும் வழக்கில் துப்பறிய என்ன மிச்சம்? குற்றத்தை ஒப்புக்கொண்டு போலீஸிடம் கொடுத்த வாக்குமூலமே கோர்ட்டில் செல்லாது என்கிறது அன்றிருந்த சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. ஆவியின் வாக்குமூலத்தை எங்கே போய்த் தாக்கல் செய்வது? பிளாஷ்பேக் காதல் வேறு, பரபரப்பாகப் போகும் கதையை நிறுத்தி வைத்துப் பாட்டுப் பாடுகிறது.

எனக்கு உறுத்தியது இன்னொன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தார் கிளப்பும் பேச்சு, கசிவு மாதிரி சுவருக்குச் சுவர் பரவி, கடைசியில் புருஷன் மனசில் ஊறி நிற்கிறது. பேயைவிட அதுதான் பயங்கரம். அதை அங்கேயே நின்று பார்க்காமல், பேசியவர்களை வரிசையாகச் சாகடித்துக் கணக்கு முடிக்கப் பார்க்கிறது படம். வம்பு பேசியதற்கு மரண தண்டனை என்றால் நம் ஊர் அபார்ட்மென்ட்களில் மெயின்டெனன்ஸ் கட்ட ஆள் இருக்காது.

நண்பர்களிடம் சொல்லுங்கள்: இடைவேளை வரைக்கும் செய்த சத்தியம் செல்லும்.