"பார்த்துக்கொள்" என்று திறப்பைக் கொடுத்த காணி

கேள்வி: 1990இல் மன்னாரிலிருந்து படகேறி வந்து, இன்றும் தமிழ்நாட்டு முகாமில்தான் இருக்கிறேன். சுன்னாகத்தில் என் சீதனக் காணி இருக்கிறது, கிணற்றோடு நாலு பரப்பு. புறப்படும்போது கணவரின் தம்பியிடம் "பார்த்துக்கொள்" என்று சொல்லித் திறப்பைக் கொடுத்தோம். இப்போது கணவரும் இல்லை, தம்பியும் இல்லை. தம்பியின் மகன் 2011இல் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக் குடியிருக்கிறான். ஊருக்கு வரப்போகிறேன் என்றதும், "முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் ஆட்சி, அதோடு இது பெரியப்பாவின் காணி, எங்களுக்கும் பங்குண்டு" என்கிறான். காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது. இங்கே பிறந்த மகளையும் கூட்டி வர வேண்டும். எனக்கு வழி உண்டா?
- ஒரு வாசகி

பதில்: வழி உண்டு அம்மா. ஆனால் அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

முதலில் "பெரியப்பாவின் காணி" என்ற பேச்சை முடித்துவிடுகிறேன். சீதனமாக உங்கள் பேருக்கு எழுதியது உங்கள் தனிச்சொத்து. தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டின் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கணவர் காலமானதால் அது கணவரின் சகோதரர் பக்கம் போகாது. நீங்கள் உயிரோடு இருக்கும்போது அதில் யாருக்கும் பங்கு பிறக்கவும் இல்லை.

இனி அந்த முப்பது வருடம். 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்தக்காரருக்கு எதிராக, தடங்கல் இல்லாமல் பத்து வருடம் ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். ஊரில் எல்லோரும் "பத்து வருடம்" என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள், "எதிராக" என்பதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் கொழுந்தன் வேலி பிரித்து உள்ளே வரவில்லை, நீங்கள் திறப்பைக் கொடுத்து வந்தவர். அப்படி வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் உங்கள் அனுமதியில் இருப்பவர்தான். "இனி இது என்னுடையது" என்று வெளிப்படையாகக் காட்டும்படி ஏதாவது செய்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடத் தொடங்கும். தகப்பன் எந்த நிலையில் நுழைந்தாரோ, மகனும் அதே நிலைதான். மாறியது என்றால் எப்போது, எப்படி என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

அவர் 2011ஐக் காட்டுவார். வீட்டை இடித்துக் கட்டியது வெளிப்படையான செயல் என்று வாதிட இடமுண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, உரிமை தொடங்கிய வேளையில் சொந்தக்காரர் கடல் கடந்து இருந்தால் அந்தக் காலத்தை அவருக்கு எதிராக எண்ணக்கூடாது என்கிறது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி எட்டிப்பார்க்கிற தூரம்தான், ஆனால் சட்டத்துக்கு அது கடல். இந்தச் சலுகைக்கும் முப்பது வருடம் என்று ஒரு எல்லை உண்டு. 2011இலிருந்து எண்ணினால் நீங்கள் அந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள். 1990இலிருந்து எண்ணினால் தாண்டிவிடுகிறீர்கள். அவர் 1990 என்று அடித்துச் சொல்வது இதற்காகத்தான். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்!

எனவே உங்கள் வழக்கின் உயிர், அந்தத் திறப்பு அனுமதியாகக் கொடுக்கப்பட்டது என்பதற்கான சாட்சியம். கொழுந்தன் எழுதிய பழைய கடிதம் ஏதாவது முகாமில் இருக்கிறதா? "அண்ணி, மா நல்லாக் காய்ச்சது, கிணறு இறைச்சம்" என்று ஒரு வரி இருந்தாலே அது தங்கம். வேலி அடைக்க நீங்கள் காசு அனுப்பிய துண்டு, வாட்ஸ்அப் குரல் பதிவு, அன்று பக்கத்தில் நின்ற அயலவர் யார் என்ற விபரம், எல்லாவற்றையும் சேருங்கள். 1995 ஒக்டோபர் 30இல் சுன்னாகம் அடங்கிய வலிகாமமே காலியாகித் தென்மராட்சிக்குப் போனதே, அப்போது கொழுந்தன் குடும்பம் எங்கே இருந்தது, எப்போது திரும்பியது என்பதையும் எழுதி வையுங்கள். அதை மட்டும் நம்பி வழக்கு வைக்க மாட்டேன், ஆனால் "இடைவிடாமல் ஆண்டோம்" என்பவரிடம் குறுக்கு விசாரணையில் கேட்பேன்.

போர்க்காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை கழிக்கலாம் என்றது, ஆனால் அதைப் பயன்படுத்தத் தந்தது இரண்டே வருடம். முகாமில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம் இது.

உறுதி தொலைந்தது பெரிய இழப்பில்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இணைப்பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகும். அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். எடுக்கும்போதே தோம்பையும், அதாவது காணிப் பதிவேட்டையும் பாருங்கள், கொழுந்தனின் மகன் "ஆட்சி உறுதி" என்று ஏதாவது எழுதிப் பதிந்திருக்கலாம். தானே தனக்கு எழுதிக்கொண்ட உறுதி உரிமை தராது. ஆனால் அதை வைத்து அவர் மூன்றாம் ஆளுக்கு விற்றால் தலையிடி கூடும், அதனால் பதிவகத்தில் ஆட்சேபனை பதிவது பற்றி சட்டத்தரணியிடம் பேசுங்கள். இதற்கெல்லாம் நீங்கள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுக்கலாம். விற்கும் அதிகாரத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

மகளின் பிறப்பையும் அங்கேயே பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் எடுங்கள். ஒரு வருடம் தாண்டினாலும் பிந்திய பதிவுக்கு இடமுண்டு. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் போனது சட்டப்படி குற்றம்தான். திரும்பி வந்த சிலர் விமான நிலையத்தில் விசாரிக்கப்பட்டதும் உண்டு. அகதிப் பதிவு அட்டையும் ஊரிலுள்ள ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும்.

வந்து இறங்கியதும் அந்த வீட்டுப் படலையைத் தள்ளாதீர்கள், பூட்டை உடைக்க யாரையும் அனுப்பாதீர்கள். பொலிஸ் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குத் தாக்கல் செய்தால், முந்தைய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவரை நீதவான் திரும்ப உள்ளே விட முடியும். அங்கே உறுதி யார் பேரில் என்பது முதல் கேள்வியே அல்ல. உங்கள் இடம் மாவட்ட நீதிமன்றம்: உரிமைப் பிரகடனமும் வெளியேற்றலும் கேட்கும் வழக்கு. கட்டிய வீட்டுக்கு அவர் இழப்பீடு கேட்கக்கூடும்.

ஷெல்லுக்குள் அந்த வீட்டைக் காத்தவர்கள் என்ற நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஒரு பரப்பைக் கொடுத்துச் சமாதானமாகப் போக மனமிருந்தால் இணக்கம் பேசலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் உறுதிப் பிரதி கைக்கு வருமுன் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். கடிதங்களைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே கொண்டு வாருங்கள்.