பார்த்த சாட்சி இல்லை, காயம் இல்லை: அப்பீலில் பாதிக்கப்பட்டவளின் சாட்சியம் நிற்குமா?

கேள்வி: என் தங்கச்சியின் பாலியல் வன்புணர்வு வழக்கில் நுவரெலியா மேல் நீதிமன்றம் எதிரிக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் அப்பீல் போட்டிருக்கிறார். "கண்ணால பார்த்தவங்க இல்ல, காயமும் இல்ல, தப்பிச்சிருவான்" என்று தோட்டத்தில் பேசுகிறார்கள். தங்கச்சி மறுபடியும் கூண்டில் ஏற வேண்டுமா?

பதில்: ஏற வேண்டியதில்லை. கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் வழமையாகச் சாட்சிகளைக் கூப்பிடுவதில்லை. மேல் நீதிமன்றத்தில் பதிவான வழக்கேட்டைத்தான் வாசிக்கிறது. அரச தரப்பில் சட்டமா அதிபர் திணைக்களச் சட்டத்தரணி வாதாடுவார். மறுவிசாரணைக்குக் கட்டளை வந்தால்தான் தங்கச்சி திரும்பச் சாட்சி சொல்ல நேரும்.

தோட்டத்துப் பேச்சில் உள்ள இரண்டு காரணங்களுமே சட்டத்தில் எடுபடாது. ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று கிடையாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. எதிர்த்ததற்கு அடையாளமாக உடம்பில் காயம் இருந்தே ஆக வேண்டியதில்லை என்பது 1995 திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. 1986 இலங்கைச் சட்ட அறிக்கையில் (தீர்ப்புத் தொகுப்பில்) உள்ள சுனில் எதிர் சட்டமா அதிபர் வழக்கில், பாதிக்கப்பட்டவளின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பது ஆபத்து என்று நீதிமன்றம் எச்சரித்தது. ஆனால் அந்தச் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் வேறு ஆதாரம் இல்லாமலே அதை ஏற்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எதிர்த்தரப்பு முன்பாதியை மட்டும் வாசிக்கும்.

உண்மையான சண்டை நடப்பது முரண்பாடுகளில்தான். பொலிசில் சொன்னதும் நீதிமன்றத்தில் சொன்னதும் வேறுபட்டால், எதிர்த்தரப்பு அந்த வரியை முரண்பாடு என்று காட்ட வி 1, வி 2 என்று அடையாளமிடும். மலையகத்தில் இது எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். பிள்ளை "காலைக் கொழுந்து எடை போட்ட பிறகு" என்று தமிழில் சொல்கிறது. எழுதுபவர் அதைச் சிங்களத்தில் "மு.ப. 9.30" என்று பதிகிறார். சில வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் பிள்ளை "பத்து மணிக்கு மேல இருக்கும்" என்கிறது. ஏட்டில் அது முரண்பாடு. நேரம், உடுப்பின் நிறம், யார் முதலில் லயத்துக்கு வந்தார் போன்றவற்றில் வரும் பிசகு வழக்கின் வேரைத் தொடாது. 1983இல் இந்திய உச்ச நீதிமன்றம் பர்வாடா வழக்கில் சொன்ன இந்த வாதத்தை இலங்கை நீதிமன்றங்களும் எடுத்தாள்கின்றன. செய்தவர் யார், என்ன செய்தார் என்பது மாறினால் மட்டும் நிலைமை பாரதூரமானது.

பிந்திக் கொடுத்த முறைப்பாடும் தானாக வழக்கைக் கெடுக்காது. பிந்தியதற்கான காரணம் சாட்சியத்தில் பதிவாகியிருக்க வேண்டும்: பயம், மிரட்டல், அம்மா மலைக்குப் போயிருந்தது, எதுவானாலும். சம்பவத்தை ஒட்டி ஆயாவிடமோ அம்மாவிடமோ சொல்லியிருந்தால், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 157ஆம் பிரிவின் கீழ் அது சாட்சியத்துக்கு வலு.

இவற்றைவிட நான் கவலைப்படுவது தீர்ப்பு எழுதப்பட்ட விதத்தைப் பற்றித்தான். எதிரி கூண்டிலிருந்து சத்தியமின்றிச் சொன்ன கூற்றையும் நீதிபதி எடைபோட்டாக வேண்டும். நியாயமான சந்தேகம் எழுந்தால் விடுதலை. "முறைப்பாட்டாளரை நம்புகிறேன், ஆகவே எதிரி சொல்வது பொய்" என்று ஒரே வரியில் தள்ளிய தீர்ப்புகள் அப்பீலில் ஆட்டம் காண்கின்றன. வழக்கு இழுபட்டு நீதிபதி மாறியிருந்தாலும் கவனியுங்கள். சாட்சியை நேரில் கண்ட நீதிபதியின் கணிப்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இலகுவில் கைவைக்காது. தீர்ப்பெழுதியவர் அவளைப் பார்த்தே இராவிட்டால் அந்தப் பலம் குறையும்.

ஆகவே தீர்ப்பின் பிரதியை எடுத்து ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். "சமாதானமாகிட்டோம்" என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும், தோட்டத் தலைவரே வந்தாலும், தங்கச்சி போட வேண்டாம். இது சமாதானத்தில் முடிக்கக்கூடிய குற்றமே அல்ல. வற்புறுத்தி மிரட்டினால், பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி அது தனிக் குற்றம்; அன்றே முறைப்பாடு கொடுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.