ஃப்ரீபிஎஸ்டியில் டிடபிள்யூஎம்: ஃப்ரீடைப் கோப்பு கிடைக்காத சிக்கல்

வணக்கம் நண்பரே. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் டிடபிள்யூஎம் என்ற ஜன்னல் மேலாண்மை நிரலுக்கு போர்ட் (மூலநிரலிலிருந்து பேக்கேஜ் உருவாக்கும் செய்முறை) எழுதும்போது, எழுத்துரு நூலகமான ஃப்ரீடைப்பை நிறுவிய பிறகும் 'எஃப்டி2பில்ட்.எச் இல்லை' என்று கம்பைல் நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கோப்பு இருக்கிறது, தேடுகிற இடம்தான் தப்பு. டிடபிள்யூஎம்மின் கம்பைல் அமைப்புகள் உள்ள கான்ஃபிக்.எம்கே கோப்பைத் திறந்தால் எக்ஸ்11-க்கு (திரையில் ஜன்னல்களைக் காட்டும் அமைப்பு) /யுஎஸ்ஆர்/எக்ஸ்11ஆர்6, ஃப்ரீடைப்புக்கு /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஃப்ரீடைப்2 என்று இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் பேக்கேஜாக வருவதெல்லாம் /யுஎஸ்ஆர்/லோக்கலுக்குக் கீழேதான் போய் உட்காரும்.

அதற்காக அந்தக் கோப்பைத் திருத்தும் பேட்ச் போடாதீர்கள். அடுத்த பதிப்பில் ஒட்டாமல் போகலாம். போர்ட்டின் மேக்ஃபைலில் மேக்_ஆர்க்ஸ் (மேக் கட்டளையோடு சேர்த்து அனுப்பும் மதிப்புகள்) வழியாகப் பாதைகளைக் கொடுங்கள். கோப்பில் இருப்பதைவிடக் கட்டளை வரியில் வரும் மதிப்புதான் ஜெயிக்கும்.

இன்னொன்று, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள்: அதே மேக்ஃபைலில், தேவையான எக்ஸ் நூலகங்களைச் சொல்லும் யூஸ்_எக்ஸ்ஆர்க் வரியில் எக்ஸ்11, எக்ஸ்எஃப்டி, எக்ஸினரமா மூன்றும் இருக்கட்டும். விட்டுப்போனால் உங்கள் கணினியில் கம்பைல் ஆகும், ஆனால் பூட்ரியரின் (போர்ட்களைக் கட்டிச் சோதிக்கும் கருவி) சுத்தமான ஜெயிலில், அதாவது வேறெதுவும் நிறுவாத தனிச் சூழலில், தோற்றுவிடும். கடைசியாக, நிறுவப்படும் கோப்புகள் போர்ட்டின் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க 'மேக் செக்-பிளிஸ்ட்' ஓட்டிப் பாருங்கள். பிழை வந்தால் அந்த வரிகளை அப்படியே இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.