வாசகர் கேள்வி பதில்: பின் பிரேக் வால்வு

கேள்வி: அண்ணே, என் காருக்கு இருபது வயசுக்கு மேல ஆச்சு. மழையில பிரேக் புடிச்சா பின் டயர் லாக் ஆகி வால் பக்கம் இழுக்குது. பேட், ஷூ எல்லாம் புதுசுதான். என்ன காரணம்? (ஈசூன் வாசகர், சிங்கப்பூர்)

பதில்: தம்பி, குனிஞ்சு பின் ஆக்ஸில்கிட்ட பாருங்க, ஒரு ஸ்பிரிங்கோட சின்ன லீவர் ஒரு வால்வுல போய் முட்டும், அதான் லோட் சென்சிங் வால்வு. ஆள், சாமான் ஏறி பாடி இறங்குனா பின் பிரேக்குக்குப் போற பிரஷரைக் கூட்டும், காலியா இருந்தா குறைக்கும். உங்க பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் தொய்ஞ்சு போயிருந்தா, காலி வண்டியையே லோடு வண்டின்னு வால்வு நினைச்சுக்கும், பின்னாடி பிரஷர் அதிகமாகி டயர் லாக் ஆகும். லீவர் துருப்புடிச்சு லோடு ஏத்துன நிலையிலேயே இறுகியிருந்தாலும் இதே கதிதான். முதல்ல சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைச் சரி பண்ணுங்க, அப்புறம்தான் வால்வு. ஜாக்கில தூக்கி மட்டும் அட்ஜஸ்ட் பண்ண விடாதீங்க, ஆக்ஸில் தொங்கிடும், அளவு மொத்தமும் தப்பாயிடும்! சக்கரம் தரையில நிக்கணும், மேனுவல் சொல்ற எடையில, முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் கேஜ் மாட்டி பிரஷர் பாக்கணும். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் பழைய வண்டி பாக்குற மெக்கானிக்கைத் தேடுங்க. பத்து வயசு தாண்டுன காருக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன் இருக்கே, அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே காட்டிடுங்க.