பார்க்கின்சன் மாத்திரையும் சாப்பாட்டு நேரமும்

"என் தாயாருக்கு வயது 70. பார்க்கின்சன் நோய்க்காக லெவோடோபா, கார்பிடோபா கலந்த மாத்திரையை மூன்று வேளை எடுத்துக்கொள்கிறார். குமட்டுவதால் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுக்கிறோம். மதிய வேளை மாத்திரை பல நாட்களில் வேலை செய்வதே இல்லை. வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா, அல்லது சில நாட்கள் மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நிறுத்தக் கூடாது. இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, மனக் குழப்பம் ஆகியவற்றுடன் உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படக்கூடும். அளவைக் குறைப்பதானாலும் நரம்பியல் மருத்துவர் சொல்லும் முறைப்படி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மதிய மாத்திரை பலிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கும். லெவோடோபா சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது; வயிறு நிறைந்திருந்தால் அது இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. ஒருவழியாகக் குடலை அடைந்தாலும், பருப்பு, முட்டை, இறைச்சி, பால் போன்றவற்றின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் அதே பாதையில் உள்ளே செல்ல அதனோடு போட்டியிடுகின்றன. இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும்போதும் இதே போட்டி தொடர்கிறது. ஆகவே சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ, ஒரு டம்ளர் தண்ணீருடன் கொடுத்துப் பாருங்கள். குமட்டல் தாங்கவில்லையென்றால் மாத்திரையுடன் ஒரு ரொட்டித் துண்டு போதும். இதற்காகப் புரதத்தையே விலக்கிவிடாதீர்கள். இந்நோயில் உடல் மெலிவது பொதுவாகவே ஒரு கவலை. இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவராயின் இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

வாந்தி மாத்திரை விஷயத்தில்தான் எனக்கு அதிக அச்சம். மருந்துக்கடையில் எளிதாகக் கேட்டு வாங்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும், உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையை மூளையில் தடுப்பவை. அதாவது உங்கள் தாயாரின் மருந்து எதைக் கொடுக்க முயல்கிறதோ அதற்கே குறுக்கே நிற்பவை. தலைச்சுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசினும் அப்படியே. டோம்பெரிடோன் மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்வதால் மருத்துவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதுண்டு. ஆனால் அது இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதையும் தொடங்க வேண்டாம். கார்பிடோபாவின் அளவைக் கூட்டினாலே குமட்டல் அடங்கக்கூடும். இதை மருத்துவரிடமே கேளுங்கள்.

ஒரு வேளை தவறிவிட்டால், அடுத்த வேளைக்கு இரட்டை மாத்திரை கொடுக்காதீர்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், உடல் இறுகிய நேரம் ஆகிய மூன்றையும் குறித்து மருத்துவரிடம் காட்டினால், மதிய வேளைக்கு அளவை மாற்றுவதா நேரத்தை மாற்றுவதா என்று அவரால் தெளிவாக முடிவெடுக்க முடியும். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அங்கு வழக்கமாக மருந்து தரும் நேரத்துக்குக் காத்திருக்காமல் இந்த மாத்திரையை அதற்குரிய நேரத்திலேயே தர வேண்டும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.