லைசென்ஸ் கோளாறுகள்: கேள்வி பதில்

மன்னார்குடி மாணவி: ஐயா, ஆய்வகத்தில் ஓடும் பாய்மவியல் மென்பொருள் விடுதி அறையில் மைனஸ் 15 என்று நின்றுவிடுகிறது. மூன்று முறை நீக்கி மறுபடி நிறுவிவிட்டேன்.

பதில்: நான்காவது முறை வேண்டாம், அம்மா. பிழை எண்ணைப் படிக்காமல் எதையும் நீக்காதீர்கள். பல மென்பொருள்களின் லைசென்ஸைச் சரிபார்க்கும் ஃப்ளெக்ஸ்நெட்டில் மைனஸ் 15 என்றால் உங்கள் கணினியால் லைசென்ஸ் கொடுக்கும் சர்வரை எட்ட முடியவில்லை; மென்பொருள் நன்றாகவே இருக்கிறது. சர்வருக்கு இரண்டு வாசல்கள். முதலாவது லைசென்ஸ் மேலாளருடையது. பெரும்பாலும் 27000 முதல் 27009 வரையுள்ள ஒரு போர்ட், அதாவது வாசல் எண். அது உங்களை மென்பொருள் நிறுவனத்தின் நிரலிடம் அனுப்பும்; அதற்குத் தனி போர்ட். லைசென்ஸ் கோப்பில் அதற்கு ஓர் எண்ணை எழுதி வைக்காவிட்டால், சர்வரை மறுபடி இயக்கும்போது எண் மாறிவிடலாம். ஃபயர்வாலில் முதல் வாசலை மட்டும் திறந்துவிட்டு, மென்பொருளில் கோளாறு என்று பலர் நாள்கணக்கில் அல்லாடுகிறார்கள். கணினிப் பிரிவினரிடம் இரண்டு எண்களையும் கேளுங்கள்.

கும்பகோணம்: நேற்று ஓடியது, இன்று மைனஸ் 9.

பதில்: லைசென்ஸ் கோப்பில், நெட்வொர்க் கருவியின் அடையாளமான பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட மேக் முகவரி இருக்கும். அது யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டருடைய முகவரியாக இருந்து, அடாப்டரைக் கழற்றியிருந்தால், இது லைசென்ஸ் பெற்ற கணினி இல்லை என்று இந்தப் பிழை வரும். செருகிப் பாருங்கள்.

நாகப்பட்டினம்: லைசென்ஸ் முடிந்துவிட்டது. கணினித் தேதியைப் பின்னால் தள்ளலாமா?

பதில்: கூடாது. மைனஸ் 88 என்ற பிழையே அதைக் கண்டுபிடிப்பதற்காக இருக்கிறது.

திருவாரூர்: எனக்கும் மைனஸ் 9.

பதில்: கும்பகோணத்தாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சீர்காழி மாணவர்: கொள்ளிடக் கரையில் கடல்நீர் உட்புகுவதை ஆராய்கிறேன். மென்பொருள் வாங்கப் பணமில்லை. திருட்டுப் பிரதிதான் வழியா, அண்ணா?

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி! நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் இலவச மென்பொருள் மாட்ஃப்ளோ இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1984-இல் வெளியிட்டு இன்றுவரை வளர்த்துவருகிறது. லைசென்ஸ் தொல்லையே இல்லை. உப்பு நீருக்கும் நன்னீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டை மாட்ஃப்ளோ 6 கணக்கிடும். கணக்கைப் படமாகப் பார்த்து அமைக்கும் திரைக்கு மாடல்மியூஸ், அதுவும் இலவசம். கோப்புறைப் பெயரை மட்டும் இடைவெளியில்லாத ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

தஞ்சாவூர்: இலவசம் என்றால் தேர்வாளர்கள் மதிப்பதில்லை. மாணவனைத் தவறாக வழிநடத்துகிறீர்கள்.

பதில்: இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விலைகொடுத்து வாங்கும் பல நிலத்தடி நீர் மென்பொருள்களுக்குள் ஓடுவதும் இதே மாட்ஃப்ளோதான். பணம் திரைக்குத்தான். மூல நிரல் திறந்திருப்பதால் யாரும் கணக்கைச் சரிபார்க்கலாம்.

தஞ்சாவூர்: திரை நன்றாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியுமே?

பதில்: முடியும். அதற்காகத் திருட வேண்டுமா? தேர்வாளர் கேட்கப்போவது கிணற்று அளவுகளை. தம்பி, ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னும், தண்ணீர் கடைமடை வந்த பின்னும் நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் அளந்து வைத்திருக்கிறீர்களா? அந்த நோட்டை முதலில் எழுதுங்கள்.

பட்டுக்கோட்டை: மைனஸ் 9 வருகிறது, நீக்கிவிட்டு நிறுவட்டுமா?

பதில்: நீக்காதீர்கள். மேலே இருக்கிறது.