‘பேண்டமோனியம்’: கூச்சல் இல்லாத மண்டபம்

கேள்வி: ஐயா, நாடாளுமன்றத்தில் கூச்சல் குழப்பம் என்றால் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பேண்டமோனியம்’ என்று போடுகின்றன. இது கிரேக்கச் சொல்லா?

பதில்: வேர் கிரேக்கம்; சொல் ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டனுடையது. 1667இல் வெளிவந்த ‘பேரடைஸ் லாஸ்ட்’ காப்பியத்துக்காக அவரே உருவாக்கினார். ‘பான்’ என்றால் எல்லாம். ‘டைமோன்’ என்றால் ஆவி. கடைசியில் லத்தீன் விகுதி ‘இயம்’. எல்லாப் பேய்களும் கூடும் இடம், அதாவது நரகத்தில் சாத்தானின் தலைநகர்.

கேள்வி: பேய்கள் கூடினால் கூச்சல் இருக்கத்தானே செய்யும்?

பதில்: இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். காப்பியத்தைப் படித்துப் பாருங்கள், நிலைமை நேர்மாறு. மாமன் (Mammon) என்ற பேயின் தலைமையில் ஒரு கூட்டம் மலையைக் குடைந்து பொன் எடுக்கிறது. இனிய இசை ஒலிக்க, நீராவி மேலெழுவதுபோல் மண்டபம் தரையிலிருந்து எழுகிறது. தேனீக்களாக மொய்க்கும் பேய்களுக்கு இடம் போதவில்லை. குள்ளர்களாகச் சுருங்கி உள்ளே போகின்றன.

பிறகு, கடவுளிடம் தோற்று நரகத்தில் விழுந்தவர்கள் அடுத்து என்ன செய்வது என்று விவாதம். மோலோக் போர் வேண்டும் என்கிறான். பீலியால் பொறுத்திருக்கச் சொல்கிறான். மாமனுக்கு நரகத்திலேயே நல்ல அரசு அமைக்க ஆசை. கடைசியில் பீயெல்செபூப் எழுந்து, புதிதாகப் படைக்கப்பட்ட மனித உலகைக் குறிவைப்போம் என்கிறான்; அந்த யோசனையை அவை ஏற்கிறது. ஒருவன் பேசி முடிக்கும்வரை மற்றவன் காத்திருக்கிறான்! பேயும் பேயும்கூட ஒத்துப்போகின்றன, மனிதர்கள்தான் பிணங்கிக்கொள்கிறார்கள், வெட்கம் என்று மில்டனே அங்கே நொந்துகொள்கிறார். மன்னராட்சி நீங்கிய இங்கிலாந்தில், கிராம்வெல் ஆட்சியில் அரசுப் பணியில் இருந்தவர், அரசியல் சண்டைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்த வரியில் எனக்கு அவருடைய சொந்த வலி கேட்கிறது.

கேள்வி: அப்படியானால் ‘அமளி’ என்ற பொருள் எப்போது வந்தது?

பதில்: 18ஆம் நூற்றாண்டில் தீயவர் கூடும் இடங்களை இப்படி அழைத்தார்கள். கூச்சல் குழப்பம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் நிலைத்தது. ஆனாலும் பத்தாம் காண்டத்தில் ஒரு காட்சி உண்டு: ஆதாமை வீழ்த்திய செய்தியோடு திரும்பும் சாத்தான் கைதட்டலை எதிர்பார்த்து நிற்கிறான். அத்தனை பேரும் பாம்புகளாகிவிட, மண்டபம் முழுக்கச் சீறல்.

கேள்வி: ‘பேண்டமிக்’ இதற்கு உறவா?

பதில்: ‘பான்’ மட்டும் பொது. அங்கே இருப்பது ‘டெமோஸ்’, மக்கள்.

கேள்வி: ‘டைமோன்’ என்றாலே தீய ஆவிதானா?

பதில்: முதலில் இல்லை. தவறு செய்யப்போகும்போது தன்னைத் தடுக்கும் ஒரு குரலை சாக்ரடீஸ் ‘டைமோனியோன்’ என்றார். சங்கப் பாடல்களின் ‘அணங்கு’ தெய்வமாகவும் இருக்கும், வருத்தவும் செய்யும், ஏறக்குறைய அதுபோல. கிறிஸ்தவம் வந்த பிறகே தீமை மட்டும் மிஞ்சியது.

கேள்வி: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பதில்: செய்திக்கு ‘அமளி’ கச்சிதம். மில்டனை மொழிபெயர்த்தால் அது பொருந்தாது. நான் ‘பேயவை’ என்பேன். ‘அவை’ என்ற சொல்லின் ஒழுங்கு அதில் இருக்க வேண்டும்.